ஃப்ரீ ஃபயர் ஆடும் பையன் ஏற்கெனவே வாசித்துக்கொண்டுதான் இருக்கிறான்

கேள்வி கேட்டிருப்பவர் மேலூர்ப் பக்கம் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் எடுக்கும் டீச்சர். நூலகப் பொறுப்பும் அவர் தலையில்தான். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பையன்கள் நூலகப் பாடவேளைக்கு வந்தால் பாதிப் பேர் பெஞ்சில் தலை சாய்த்துவிடுகிறார்கள், மீதிப் பேருக்கு ஃப்ரீ ஃபயர் என்கிற போன் துப்பாக்கி கேம் பற்றிய பேச்சு, புத்தகத்தை யாரும் தொடுவதில்லை என்கிறார். இரண்டு கணினியில் வீடியோ கேம் போட்டு வைத்தால் அந்தச் சாக்கிலாவது உள்ளே வருவார்களா, எந்த கேம் போடலாம், "லைப்ரரிய பிரவுசிங் சென்டர் ஆக்கப் போறீங்களா?" என்று கேட்கும் ஹெச்.எம்.முக்கு என்ன பதில் சொல்வது என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

டீச்சர், தாராளமாகச் செய்யலாம். ஆனால் "அந்தச் சாக்கிலாவது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நான் வழுக்கி விழுந்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மதுரை டவுனுக்குள் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 27 வருஷம் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளி ஆபீஸில் கழித்துப் போட்ட இரண்டு கணினிகளை வாங்கி நூலகத்தில் வைத்தேன். ஒன்றில் கார் ரேஸ், இன்னொன்றில் கிரிக்கெட். நானே ஒரு சட்டமும் போட்டேன்: பத்துப் பக்கம் வாசித்தால் பதினைந்து நிமிடம் ஆடலாம். ஒரே மாதத்தில் எடுப்புப் பதிவேடு நிரம்பி வழிந்தது. ஹெச்.எம். கையால் பாராட்டுக்கூட வாங்கினேன். பிறகுதான் கவனித்தேன், பையன்கள் எடுத்ததெல்லாம் அலமாரியிலேயே ஒல்லியான புத்தகங்கள். எழுத்துப் பெரியதாக இருக்கிறதா, படம் அதிகமா என்று புரட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். ஒருவன் என்னிடமே வந்து, "சார், படம் மட்டும் இருக்குற பக்கமும் கணக்குல வருமா?" என்று கேட்டான். புத்தகத்தை நான் டோல்கேட் ஆக்கியிருந்தேன். டோல்கேட்டின் மேல் யாருக்குப் பிரியம் வரும்? கப்பலூர்ப் பக்கம் குடியிருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கணினிகளில் ஒன்று புகைந்து நின்றது. அன்றோடு கூட்டமும் நின்றது. வாசிப்பவர்கள் யாராவது மிஞ்சினார்களா என்று பதிவேட்டைப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஆட்டத்தைக் கூலியாகக் கொடுத்தால் புத்தகம் வேலை ஆகிவிடும். அது தண்டனை என்று நாமே ஒத்துக்கொண்டது மாதிரி.

எனக்குக் கண் திறந்தது 2022 பிப்ரவரியில். அந்த மாதம் 14-ஆம் தேதி மத்திய அரசு 54 செயலிகளைத் தடை செய்தது. அதில் ஃப்ரீ ஃபயரும் ஒன்று. மறுநாள் காலை நூலகத்தைத் திறக்கும்போதே வாசலில் எட்டுப் பத்துப் பேர் நிற்கிறார்கள். தமிழ்ப் பேப்பர் வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். கேட்டவர்களில் ஒருவன் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. தமிழய்யா அவனை எழுப்பி வாசிக்கச் சொன்னால், "ஐயா, தொண்ட சரியில்ல" என்பான். வருஷம் முழுக்க அந்தத் தொண்டை சரியாகவில்லை. அன்றைக்கு அவன்தான் பேப்பரைப் பிடுங்கி மேசையில் விரித்து, விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தான். "மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம்" என்ற நீளமான பெயரில் ஒருமுறை தடுக்கினான். சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. செய்தி தெரிய வேண்டிய அவசரம் அவர்களுக்கு. திரும்ப எடுத்துச் சரியாக வாசித்தான். முடித்துவிட்டு மறுபடி மேலே போய்ப் பட்டியலைத் தேடினான். "டேய், மேக்ஸ் பேரு இதுல இல்லடா. ஃப்ரீ ஃபயர்னுதான் போட்டிருக்கு." அவன் சொன்னது சரி. அதே ஆட்டத்தின் இன்னொரு பதிப்பான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. இருப்பதை மட்டுமல்ல, இல்லாததையும் பார்க்கிற வாசிப்பு இது. பத்தாம் வகுப்புத் தேர்வில் உரைப் பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்கிறோமே, அந்தத் திறன்தான். பையனிடம் இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

அதன் பிறகு அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். எந்தக் கேரக்டருக்கு என்ன திறன், புது அப்டேட்டில் எந்தத் துப்பாக்கியின் பவரைக் குறைத்தார்கள், ரேங்க் புஷ் பண்ண எந்த நேரம் நல்லது என்று எல்லாம் பேசுவார்கள். இதெல்லாம் திரையில் ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் வருபவை. பாதி யூடியூபில் கேட்டதாக இருக்கலாம், மீதி வாசித்தது. அவர்கள் அதை வாசிப்பு என்று நினைப்பதில்லை, நாமும் நினைப்பதில்லை.

வெளிநாட்டில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்கூலர் என்ற அமெரிக்கப் பேராசிரியர், வகுப்பில் பின்தங்கிய வாசகர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட பையன்களை அவர்களுக்குப் பிடித்த கேமைப் பற்றிய பகுதிகளை வாசிக்க வைத்தார். தங்கள் மட்டத்துக்கு மேலான உரையைக்கூட அவர்கள் சமாளித்தார்கள். தவறாக வாசித்தால் தாங்களே நின்று திருத்திக்கொண்டார்கள். பொருள் விளங்காமல் விட மனம் வரவில்லை, அவ்வளவுதான் காரணம். பிரிட்டனில் நேஷனல் லிட்டரசி டிரஸ்ட் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், கேம் ஆடுகிறவர்களில் ஐந்தில் நான்கு பேர் மாதம் ஒரு முறையாவது கேம் தொடர்பாக எதையாவது வாசிக்கிறார்கள் என்று வந்தது. அமெரிக்க நூலகச் சங்கம் 2008 நவம்பரிலேயே நூலகங்களில் விளையாட்டு நாள் கொண்டாட ஆரம்பித்துவிட்டது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் உங்கள் ஹெச்.எம். சொல்லிவிடுவார். 2010-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். வீட்டில் கேம் பெட்டி இல்லாத 6 முதல் 9 வயதுப் பையன்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே கேம் பெட்டி கொடுத்தார்கள், மறு பாதிக்கு நான்கு மாதம் கழித்து. நான்கு மாத முடிவில், முதலில் வாங்கிய பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கீழே இருந்தார்கள். கேம் மூளையைக் கெடுத்துவிட்டது என்பதல்ல விஷயம். பள்ளி விட்டு வந்து படிக்கிற நேரத்தை அது தின்றுவிட்டது. ஆக, கேமை வெறுமனே கொண்டுவந்து வைத்தால் வாசிப்பு வளராது, குறையவும் செய்யும். நான் கார் ரேஸ் வைத்ததும் அந்த ரகம்தான். வாசித்தால்தான் அடுத்த அடி வைக்க முடியும் என்கிற ஆட்டமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டத்துக்குப் பக்கத்திலேயே, ஆடுகிறவனுக்குத் தேவைப்படுகிற புத்தகம் இருக்க வேண்டும்.

எந்த கேம் என்ற கேள்விக்கு, எது வேண்டாம் என்பதை முதலில் முடித்துவிடலாம். ஃப்ரீ ஃபயரோ பப்ஜி வகையறாவோ நூலகத்தில் வேண்டாம். அவற்றுக்கு நெட் வேண்டும், லாகின் வேண்டும், டயமண்ட், டாப்-அப் என்று காசு நாற்றம் வேறு. பப்ஜி 2020 செப்டம்பரில் தடையானது, வேறு பெயரில் 2021-இல் வந்தது, 2022-இல் மறைந்தது, 2023-இல் திரும்பி வந்தது. இந்தக் கண்ணாமூச்சியில் பள்ளி மாட்டிக்கொள்ளக் கூடாது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் மொத்தமாகத் தடுத்துவிட்டது. ஃப்ரீ ஃபயர் அந்த வகையில் சேராது என்றாலும், பெற்றோர் காதில் 'ஆன்லைன் கேம்' என்று விழுந்தால் ரம்மிதான் ஞாபகம் வரும். ஆகவே உங்கள் கணினியில் நெட் இணைப்பே இருக்க வேண்டாம். எஸ்.எம்.சி. என்கிற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: "நெட் இல்லை, காசு இல்லை, சுடுவது இல்லை."

வைக்கக்கூடியவற்றில் மைன்கிராஃப்ட் பெயர் பெற்றது, ஆனால் விலைக்கு வாங்க வேண்டும். அதே மாதிரி கட்டை கட்டையாக உலகம் கட்டும் ஆட்டம் லுவான்டி. முன்பு மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்தது. இலவசம், பழைய கணினியிலும் ஓடும், நெட் இல்லாமலும் ஆடலாம். இதை அப்படியே விட்டால் பையன்கள் வீடு கட்டி இடித்துக்கொண்டிருப்பார்கள். நான் ஒரு வேலை கொடுத்தேன்: "கீழடியில் ஓர் உறைகிணறும் பக்கத்தில் ஒரு செங்கல் சுவரும் கட்டுங்கடா." கீழடி நமக்குக் கூப்பிடு தூரம்தானே, 2023 மார்ச்சில் அருங்காட்சியகமும் திறந்துவிட்டார்கள். "உறைகிணறுன்னா என்ன சார்?" என்ற கேள்வியோடு கட்டுமானம் நின்றது. தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட கீழடி நூல் எங்களிடம் இருந்தது. அதை விரித்துக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன், வாசியுங்கள் என்று சொல்லவில்லை. ஒருவன் மவுஸைப் பிடிக்க, இன்னொருவன் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, "உறை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கணும்டா, நீ சுவர் மாதிரி கட்டுற" என்று திட்டிக்கொண்டிருந்தான். அந்த நூலில் தந்தத்தால் செய்த தாயக்கட்டையும், சுடுமண் ஆட்டக்காய்களும், நொண்டி ஆடும் வட்டச் சில்லுகளும் படத்தோடு இருக்கும். அதைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலும் வைகைக் கரையில் பிள்ளைகள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

(ஹெச்.எம். பக்திமானாக இருந்தால் இன்னொன்றும் சொல்லிப் பாருங்கள். இந்த ஊர் சாமி செய்ததாகச் சொல்லப்படும் அறுபத்து நான்கையும் நாம் 'விளையாடல்' என்றுதான் சொல்கிறோம். நான் சொன்னபோது எங்கள் ஹெச்.எம். சிரித்தார், கையெழுத்துப் போடவில்லை.)

கொஞ்சம் பணம் இருந்தால் வெண்பா என்ற கேமைப் பாருங்கள். டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்து 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அடுத்த ஆண்டு அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது. ஆட்டம் என்னவென்றால், அம்மா கொடுத்த பழைய சமையல் குறிப்பேடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயிருக்கும். மிச்சமிருக்கும் வரிகளை வாசித்து, விட்டுப்போனதை ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் சமையலே இட்லி. வாசிப்பு அங்கே ஆட்டத்தின் கூலியாக இல்லை, வாசிப்புதான் ஆட்டமே. மொத்தமும் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும், நூலகப் பாடவேளைக்கு அதுவும் வசதி. சமையல் ஆட்டமா என்று பையன்கள் முகம் சுளிப்பார்கள். புட்டு வருவதற்குள் சரியாகிவிடுவார்கள்.

இனி நான் ரொம்ப நம்புகிற வழிக்கு வருகிறேன். கேம் ஆடுவதைவிட, கேம் எழுத வைப்பது.

ட்வைன் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. கிறிஸ் கிளைமஸ் என்பவர் 2009-இல் செய்தது. எழுத்தாலேயே ஆடும் கதைகளை அதில் உருவாக்கலாம். திரையில் ஒரு கட்டம் வரும், அதில் கதையின் ஒரு துண்டை எழுத வேண்டும். எந்த வார்த்தையை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுகிறோமோ அது கதவாகி அடுத்த கட்டத்துக்கு வழி திறக்கும். கற்றுக்கொள்ள ஒரு பாடவேளை போதும். யூனிகோட் தமிழ் சிக்கலில்லாமல் வரும். முடித்த கதை ஒரே கோப்பாகச் சேமிக்கப்படும். பென் டிரைவில் போட்டு எந்தக் கணினியிலும், அப்பாவின் பழைய போனிலும்கூட பிரவுசரில் திறந்து ஆடலாம்.

பாலமேட்டுப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிற பையன் ஒருவன் இருந்தான். வீட்டில் மாடு வளர்க்கிறார்கள். நூலகத்தில் அவன் வழக்கமாக உட்காருவது ஜன்னல் ஓரம், அதுவும் வெளியே பார்த்துக்கொண்டு. கதை எழுதுடா என்றால், "எனக்குக் கதையெல்லாம் வராது சார்" என்றான். "சரி, கேம் ஒண்ணு யோசி. ஜல்லிக்கட்டு முடிஞ்சு மாடு திரும்பி வரல. நீதான் மாட்டுக்காரன். என்ன செய்வ?" யோசிக்கவே இல்லை. "மொதல்ல ஆத்துப் பக்கம் போய்ப் பாப்பேன்." "அங்க இல்லன்னா?" "கம்மாக் கரைக்குப் போவேன்." "ரெண்டு இடத்துக்கும் ஒரே நேரத்துல போக முடியாதே." அவன் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

முதலில் கணினியைக் கொடுக்கவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கிழித்து, பின்பக்கம் வெள்ளையாக இருக்குமே, அதில் ஒரு சீட்டுக்கு ஓர் இடம் என்று எழுதச் சொன்னேன். மஞ்சமலை ஆற்று மணல் ஒரு சீட்டு, கண்மாய்க்கரை ஒரு சீட்டு, டீக்கடைக்காரரிடம் விசாரிப்பது ஒரு சீட்டு, விசாரித்தால் அவர் பொய் சொல்வது இன்னொரு சீட்டு. மூன்றாம் வாரம் சீட்டுகள் நாற்பதைத் தாண்டின. தரையில் பரப்பி, சணல் கயிற்றால் ஒன்றோடொன்று இணைத்து வைத்தான். நூலகத்தில் நடக்க வழியில்லை. மாடு கிடைக்கும் முடிவு ஒன்று, கிடைக்காத முடிவு மூன்று, கிடைத்தும் அது இவனை அடையாளம் தெரியாமல் முட்ட வரும் முடிவு ஒன்று. அந்தக் கடைசி முடிவை அவன் எங்கிருந்து எடுத்தான் என்று நான் கேட்கவில்லை.

பிறகு தட்டச்சு. இங்கே ஒரு வேடிக்கை. இவர்கள் போனில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டிப் பழகியவர்கள். தமிழ் எழுத்தில் போட வேண்டும் என்றதும் ர, ற எல்லாம் கலங்கியது. "மாட்டுக்குப் புல் அறிந்து போட்டான்" என்று எழுதியிருந்தான். நான் கண்டும் காணாமல் இருந்தேன். ஆடிப் பார்த்த பையன் திரையைக் காட்டிச் சிரித்தான்: "புல்ல 'அறிந்து' போட்டானாம்டா. விசாரிச்சுட்டுப் போட்டானோ?" மறுநாள் அது 'அரிந்து' ஆகியிருந்தது. அவனே அகராதியை எடுத்துப் பார்த்திருக்கிறான். 27 வருஷத்தில் என்னிடம் ஒரு பையன் கேட்காமலே அகராதியை எடுத்த சம்பவங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

கதையில் மாட்டுக்குக் காலில் அடிபட்டிருப்பது மாதிரி ஒரு வழி வைத்திருந்தான். என்ன வைத்தியம் செய்வது என்று தெரியாமல் நின்றபோது, நாட்டு மாடு வளர்ப்பு பற்றி யாரோ அன்பளிப்பாகக் கொடுத்து அலமாரியின் அடித்தட்டில் கிடந்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். எடுப்புச் சீட்டு அதுவரை வெறுமையாக இருந்தது. நூலகவியலின் தந்தை என்கிறோமே, சீர்காழி ரங்கநாதன், அவர் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. நூலகப் படிப்பில் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருக்கிறேன். அந்த மாட்டுப் புத்தகத்துக்கு வாசகன் கிடைத்த அன்றுதான் விதி நேரில் நடப்பதைப் பார்த்தேன். அதற்கடுத்து ஜல்லிக்கட்டைப் பற்றிய ஒரு பழைய குறுநாவலைக் கொடுத்தேன். இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்து, "இதுல வேற வழியே இல்லையா சார், ஒரே முடிவுதானா?" என்று குறைப்பட்டான். நல்ல விமர்சனம்தான்.

எல்லோரும் இப்படி ஆனார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் குழுவில் இருந்தவர்கள் 11 பேர். அதில் நான்கு பேர் மற்றவர்கள் செய்ததை ஆடித் தீர்த்ததோடு சரி, ஒரு புத்தகமும் எடுக்கவில்லை. ஒருவன் கணினி எலியின் பந்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

புத்தகம் எடுக்காத பிள்ளைகளில் பலருக்கு விருப்பம் இல்லாததல்ல பிரச்சினை, சரளமாக வாசிக்கத் தெரியாததை மறைக்கிறார்கள். 'தொண்ட சரியில்ல' என்றவன் அந்த ரகம். அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையில் அழகான சின்னப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் சிலருக்கு 'நட'தான் சரியான இடம். ஆனால் மீசை அரும்புகிற பையன், தன் தங்கை கையில் இருக்கிற மாதிரிப் புத்தகத்தோடு நண்பர்கள் முன்னால் உட்காருவானா? கேமில் அந்த மானப் பிரச்சினை இல்லை. திரையில் நான்கே வரி இருந்தாலும் அதைக் குழந்தைப் புத்தகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தவறாக வாசித்தால் ஆட்டத்தில் செத்துப்போவான், அடுத்த நொடி பிழைத்து மறுபடி ஆடுவான். வகுப்பில் ஒரு சொல் தடுக்கினால் அந்தப் பெயர் வருஷம் முழுக்க ஒட்டிக்கொள்ளும். அதனால் அந்தச் சின்னப் புத்தகங்களை 'கேம் எழுதுகிறவர்களுக்கு மாதிரிக் கதைகள்' என்று ஓர் அட்டை எழுதி ட்வைன் கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன். சின்ன வாக்கியம் எழுதப் பழகத்தானே எடுக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மாணவிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேம் என்றதும் முதல் இரண்டு வரிசையையும் பையன்கள் பிடித்துக்கொள்வார்கள், பெண் பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். நம் பக்கத்து வீடுகளில் போன் தம்பி கைக்குப் போகிற அளவு அக்கா கைக்குப் போவதில்லை. மவுஸ் பிடிக்கவே தயங்குவார்கள். வாரத்தில் ஒரு பாடவேளையை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். பக்கத்து இருபாலர் பள்ளி ஒன்றில் என்னைக் கூப்பிட்டு இதைச் செய்யச் சொன்னபோது அப்படித்தான் செய்தோம். அங்கே வந்த கதைகள் பையன்களுடையதைவிடக் கிளை அதிகம். பேய்க்கதைதான் பெரும்பாலும்.

ஹெச்.எம். விஷயம். உங்கள் ஹெச்.எம்.முக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தால், சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் வந்தது அவருக்குத் தெரிந்திருக்கும். இரும்புக்கை மாயாவியைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்து வாசித்துப் பிரம்படி வாங்கிய தலைமுறை அது. அன்றைக்கு அதைப் பிடுங்கிக் கிழித்தவர்கள் சொன்னதும் இதே வார்த்தைகள்தான். அவரிடம் வாதாட வேண்டாம், "சார், நீங்க சின்ன வயசுல காமிக்ஸ் படிச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவரைப் பேச விடுங்கள். 'கேம்' என்ற சொல்லைக் கோப்பில் எழுதாதீர்கள். 'கணினிவழிக் கிளைக்கதை எழுதும் பயிற்சி' என்று எழுதுங்கள். அது பொய்யுமில்லை. ஹைடெக் லேப் உள்ள அரசுப் பள்ளி என்றால் அந்தக் கணினிகளில் நாமாக எதையும் நிறுவ முடியாது. முடித்த கதைக் கோப்பைத் திறந்து ஆடுவதற்கு மட்டும் பிரவுசர் போதும் என்பதால் தடை குறைவு. நல்ல கதைகளைத் தாளில் எழுதி, அரசே மாணவர்களுக்காக நடத்தும் தேன்சிட்டு இதழுக்கு அனுப்புங்கள். ஒன்று அச்சில் வந்துவிட்டால் ஹெச்.எம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவரே அறிவிப்பார்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. உங்கள் பள்ளிப் புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டியிருக்கின்றனவா? பல பள்ளிகளில் அப்படித்தான். தொலைந்தால் ஆடிட்டில் பொறுப்பாசிரியர் கையிலிருந்து கட்ட வேண்டும் என்ற பயம், நியாயமான பயம். கேம் பார்த்து உள்ளே வந்த பையன் எதையாவது தேடும்போது பீரோ சாவி ஆபீஸ் ரூமில் இருந்தால் எல்லாம் வீண். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆம் விதி, ஓராண்டில் வெளியே கொடுத்த அல்லது பயன்படுத்திய ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைவதை, அதில் அசட்டையோ நேர்மைக்கேடோ இல்லாதபட்சத்தில், இயல்பான இழப்பு என்கிறது. அது நம் பள்ளிகளை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த விதியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஹெச்.எம்.மிடம் பேசினால், குறைந்தது ஐம்பது புத்தகங்களையாவது திறந்த ரேக்கில், அட்டை தெரிகிற மாதிரி வைக்க அனுமதி வாங்கலாம். அந்த ஐம்பதை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். பையன்கள் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு வாரம் கேட்டுவிட்டு எடுங்கள்: பைக், மாடு, கிரிக்கெட், பேய், போலீஸ், காமிக்ஸ். திருக்குறள் உரை பீரோவிலேயே இருக்கட்டும், அதற்கு ஒரு நாள் வரும்.

நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள். மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி வந்தால் அங்கிருந்து தூரமில்லை. குறிப்பெடு, கட்டுரை எழுது என்று எதுவும் சொல்லாமல் கூட்டிப்போங்கள். நான் போனபோது பையன்கள் பாதி நேரம் லிஃப்டில்தான் இருந்தார்கள். இருக்கட்டும், நூலகம் என்றால் பூட்டிய பீரோ இல்லை என்று தெரிந்துகொண்டார்கள்.

எப்போது தொடங்குவது என்றால், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை மட்டும் வேண்டாம். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கதை நடுவிலேயே நின்றுவிடும். வாரநடுவில் மதியத்துக்கு முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு வாரத்துக்குக் கணினியே தேவையில்லை, ஆகவே ஹெச்.எம். அனுமதியும் தேவையில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்க்க ஆரம்பியுங்கள். ஆவணி முகூர்த்தம் முடிந்தால் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கட்டுக் கட்டாக வரும். சணல் கயிறு மளிகைக் கடையில் கிடைக்கும். முடிந்த கதைகளைத் தைத்து, ஸ்டாக் ரெஜிஸ்டரில் வரிசை எண் போட்டு, ஆசிரியர் பெயர் என்ற கட்டத்தில் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதி ரேக்கில் வையுங்கள். எங்கள் பாலமேட்டுப் பையன் அந்தப் பக்கத்தைப் பார்க்க மூன்று நாள் தொடர்ந்து வந்தான். மேல்வரியில் யார் பெயர், கீழ்வரியில் யார் பெயர் என்று வாசித்துக்கொண்டிருந்தான்.